சிலப்பதிகாரத்தில் நிமித்தமும் பாத்திர விளக்கமும்

கனவு, கண் துடித்தல், ஆநிரைகளின் நடத்தை முதலியவற்றால் வரப்போவதைச் சிலப்பதிகார ஆசிரியர் இளங்கோவடிகள் முன்கூட்டி உணர்த்துகிறார். நூலின் பதிகமே கதை முழுவதையும் சொல்லிவிடுவதால், அடுத்து என்ன ஆகுமோ என்ற ஆவலுக்கு இங்கே வேலையில்லை. அறிகுறியைக் கண்டவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் அவரவர் இயல்பு வெளிப்படுகிறது.

நிமித்தம் பார்ப்பது பழைய வழக்கம். நாளும் புள்ளும் பார்ப்பதையும் விரிச்சி கேட்பதையும் தொல்காப்பியம் குறிக்கிறது. இளங்கோ அதைப் பாத்திரங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். இந்திரவிழா நாளில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நன்மை, வலக்கண் துடித்தால் தீமை என்பது நம்பிக்கை. கனாத்திறமுரைத்த காதையில், வேற்றூரில் கோவலன்மேல் பழி விழுவதையும் தான் காவலன்முன் நிற்பதையும் அரசனுக்கும் ஊருக்கும் கேடு வருவதையும் கண்ணகி கனாக் காண்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் நீராடிக் காமவேளைத் தொழச் சொல்கிறாள் தோழி தேவந்தி. அது தனக்குப் பெருமையன்று என்று மறுத்துவிடுகிறாள் கண்ணகி. 1964-இல் வந்த ‘பூம்புகார்’ படத்துக்குப் பிறகு பலர் மனத்தில் நிற்பவள் அரசவையில் வழக்காடும் கண்ணகியே. அந்தப் பிடிவாதத்தின் வேர் இந்த மறுப்பில் இருக்கிறது.

மதுரைக் காண்டத்தில் அறிகுறிகள் நெருக்கமாக வருகின்றன. வையை பூக்களைப் போர்த்திக் கண்ணீரை மறைக்கிறது. மதிற்கொடிகள் வரவேண்டாம் என்று கையசைக்கின்றன. மாடலன் என்ற மறையவனிடம் தன் தீக்கனாவைச் சொன்ன கோவலனே பிறகு சிலம்பு விற்கக் கிளம்புகிறான். எதிரே பாய்ந்துவரும் காளை தீநிமித்தம் என்பதும் வணிகர் குலத்தவனான அவனுக்குத் தெரியவில்லை. ஆயர்பாடியில் குடப்பால் உறையாததைக் கண்ட மாதரியோ உடனே குரவைக் கூத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். செங்கோலும் குடையும் சாயக் கண்ட கனாவைக் கோப்பெருந்தேவி அரசனிடம் சொன்ன சற்றைக்கெல்லாம் கண்ணகி வாயிலில் நிற்கிறாள். விசித்திரமானது கட்டுரை காதை: ஆடித் தேய்பிறை அட்டமி வெள்ளியன்று மதுரை எரியும் என்ற பழைய வாக்கு, ஊர் எரிந்த பிறகே மதுராபதித் தெய்வத்தின் வாயால் வெளிவருகிறது.

இக்குறிப்புகளை விளக்கிய பழைய உரைகள் இரண்டு: அரும்பதவுரை, அதற்குப் பிந்திய அடியார்க்குநல்லார் உரை. இரண்டையும் சேர்த்து உ.வே. சாமிநாதையர் 1892-இல் நூலைப் பதிப்பித்தார். கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுக் கிளம்பிய நாளுக்கு அடியார்க்குநல்லார் சோதிடக் கணக்குப் போட, அதைக்கொண்டு எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கதை நிகழ்ந்த ஆண்டு கி.பி. 756 என்று வாதிட்டார். காப்பியப் புலவரின் கனவைப் பஞ்சாங்கத்தோடு பொருத்திய அந்த முயற்சியைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சி பாத்திரங்கள் பக்கம் திரும்பியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தோன்றியது. அதன் முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் எழுதிய சிலம்பு ஆய்வின் பெயர் ‘குடிமக்கள் காப்பியம்’. அடுத்து வந்த மு. வரதராசனார் ‘கண்ணகி’, ‘மாதவி’ என இருவருக்கும் தனித்தனியே நூல் எழுதியவர்.