திசைவி இடைமுகமும் சப்நெட் மாஸ்க்கும்

திசைவியின் இடைமுகத்துக்கு ஐ.பி. முகவரியோடு சப்நெட் மாஸ்க்கையும் இட வேண்டும். முகவரியின் 32 பிட்டுகளில் எத்தனை வலையமைப்பைக் குறிக்கின்றன என்பதை அதுவே காட்டுகிறது. 1981 விதிகளில் இதற்குத் தேவை இருக்கவில்லை. தொடக்க பிட்டுகளே முகவரியின் வகுப்பைச் சொல்லின. ஆனால் ‘சி’ வகுப்பில் 254 கணினிகளே அடங்கும். அடுத்துள்ள ‘பி’ வகுப்பிலோ 65,534. இந்தப் பெருந்தாவலே சிக்கலுக்கு வித்து. 300 கணினிகள் வைத்திருந்த நிறுவனம் ‘பி’ வகுப்பைப் பெற்றால் மீதியெல்லாம் வீண். 1985இல் வந்த சப்நெட் முறை, நிறுவனம் தனக்குக் கிடைத்ததை உள்ளே பிரித்துக்கொள்ள மட்டுமே உதவியது. ‘பி’ முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தில் 1993இல் வகுப்பு முறையே கைவிடப்பட்டது. அதன்பின் 23 பிட் மாஸ்க் இட்டால் 510 கணினிகளுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் ஐ.பி. நான்காம் பதிப்பு முகவரிகளின் உலகளாவிய மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது.