நோயும் வேதனமும்: இந்திய ஆலைத் தொழிலாளர் காப்புறுதியின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

நோயுற்ற தொழிலாளிக்கு இரு தேவைகள் உள. ஒன்று வைத்தியம், மற்றையது, வேலைக்குச் செல்லவியலாத நாட்களில் வீட்டில் அடுப்பெரிவதற்கான பணம். முன்னையதை அறப்பணியாகவேனும் அரசின் கடமையாகவேனும் ஏற்றுக்கொள்வது எளிது. பின்னையதோ மூலதனத்திற்கும் உழைப்பிற்குமிடையிலான உறவையே தொடுகின்றது. ஏழை நாடுகளில் அது நீண்டகாலம் ஒத்திவைக்கப்பட்டமைக்கான காரணத்தை இங்கேதான் தேடுதல் வேண்டும். இந்தியாவின் அனுபவம் இவ்வகையிற் கருதத்தக்கது.

ஜேர்மனியில் 1883இலும் பிரித்தானியாவில் 1911இலும் நோய்க்காலக் காப்புறுதி சட்டமாயிற்று. 1927இல் சர்வதேசத் தொழில் தாபனம் இது குறித்து இரு சமவாயங்களை நிறைவேற்றியது. குடியேற்ற இந்திய அரசு அவற்றை ஏற்கவில்லை. இந்தியத் தொழிலாளி ஆலையில் நிலைத்திருப்பவனல்லன், ஊருக்கும் நகருக்குமிடையே அலைபவன் என்பது அதன் வாதங்களுள் முதன்மையானது. இவ்வாதத்தின் உட்பொருள் யாது? நோயாளியைப் பேணும் செலவு ஆலையின் கணக்கேட்டில் இடம்பெறாது, கிராமத்து விவசாயக் குடும்பத்தின் தலையிற் சுமத்தப்பட்டது என்பதே. அக்குடும்பத்தால் அதனைத் தாங்க முடிந்ததா? விற்லி தலைமையிலான தொழிலாளர் ஆணைக்குழுவின் 1931ஆம் ஆண்டு அறிக்கை, பெரும்பாலான தொழில் மையங்களில் மூன்றிலிரு பங்கிற்குக் குறையாத தொழிலாளர் கடனாளிகளாயிருந்தனர் எனக் கணித்தது. கிராமம் கைவிட்ட இடத்தில் வட்டிக்காரன் காத்திருந்தான்.

இரண்டாம் உலகப் போர்க்காலம் நிலைமையை மாற்றியது. ஆலைகளுக்கு நிலைத்த உழைப்பாளர் தேவைப்பட்டனர். 1943இல் நியமிக்கப்பட்ட பேராசிரியர் அடார்கர் 1944இல் தமது திட்டத்தைச் சமர்ப்பித்தார். சர்வதேசத் தொழில் தாபனத்தைச் சார்ந்த ஸ்ரக், ராவ் ஆகியோர் அதனை ஆராய்ந்து, பேறுகாலம், வேலைத்தல விபத்து ஆகியவற்றையும் அதனுள் அடக்குமாறு கூறினர். 1948இல் ஊழியர் அரசுக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. 1952 பெப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் டில்லியிலும் ஏறத்தாழ 1,20,000 தொழிலாளருடன் திட்டம் தொடங்கியது.

தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் பங்களிப்புப் பொதுநிதியாகின்றது. வைத்தியரின் சான்றிதழ் பெற்ற தொழிலாளி அதிலிருந்து வேதனத்தின் ஒரு பகுதியைப் பெறுகிறான். பிற்கால விதிகளின்படி இது ஆண்டிற்கு 91 நாட்கள் வரை, சராசரி நாள்வேதனத்தின் 70 வீதமாயிற்று. காசநோய் போன்ற நீடித்த நோய்களுக்கு இக்காலம் மேலும் நீட்டப்பட்டது. நோய்க்காலப் பணம் பெறும் தொழிலாளியை அக்காலத்தில் வேலைநீக்கஞ் செய்தலும் தடுக்கப்பட்டது. பணத்திலும் இதுவே பெரிதெனலாம். வேலை பறிபோகுமாயின் உரிமையும் ஏட்டளவினதே.

எனினும், பழைய வாதம் முற்றாக மறையவில்லை. பருவகால ஆலைகளும் சுரங்கங்களும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் புறத்தே நின்றன. விவசாயக் கூலிகளும் வீட்டுப் பணியாளரும் எண்ணப்படவேயில்லை. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருத்தல் வேண்டும் என்ற விதி, ஒப்பந்தக் கூலியாகத் துண்டுதுண்டாக வேலை பெறுவோரைத் தானாகவே விலக்கியது. பெருந்தோட்டங்களில் நோய்க்காலக் கொடுப்பனவு 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனித்தனி முதலாளியின் பொறுப்பாக்கப்பட்டது, பொதுநிதி உருவாக்கப்படவில்லை. இதன் விளைவு 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. கேரளத்திலும் மேற்கு வங்கத்து டூவார்ஸ் பகுதியிலும் பல தேயிலைத் தோட்டங்கள் கைவிடப்பட்டபோது, முதலாளியுடன் பாதுகாப்பும் மறைந்தது. 2020 மார்ச்சில், பெருந்தொற்றையொட்டிய ஊரடங்கின்போது, வேதனமிழந்து நெடுஞ்சாலைகளிற் கால்நடையாக ஊர் திரும்பியோர், 1920களின் அரசு சுட்டிய அதே அலையும் தொழிலாளரின் வழித்தோன்றல்களே.

இலவச வைத்தியத்தைப் பெருஞ்சாதனையாகக் கொண்ட இலங்கைக்கும் இவ்வரலாறு உரியதே. இங்கும் நோய்க்கால வேதனத்திற்கெனப் பொதுவான சமூகக் காப்புறுதி நிதி அமைக்கப்படவில்லை. மருந்து இலவசமாயினும், நாட்கூலி பெறுபவர் மருத்துவமனையிற் காத்திருக்கும் நாள் இலவசமன்று. தொழிலாளி எவ்வகை ஆலையில், எத்தனை பேருடன், எத்தனை நாள் உழைத்தான் என்று வினவாது, உழைப்பவன் என்ற ஒரே தகுதியால் இவ்வுரிமையை வழங்குவதற்கு அரசின் பங்களிப்பும் பொதுநிதியிற் சேருதல் இன்றியமையாதது. இல்லையேல் நோயின் விலையை நோயாளியின் குடும்பமே தொடர்ந்து செலுத்தும்.