கவிழ்ந்தாலும் விடாத வார்

1910-ல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ ராணுவ முகாமில், ரைட் சகோதரர்களின் விமானத்தைத் தானே ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார் பெஞ்சமின் ஃபூலாய். ஒருநாள் தரையிறங்கும்போது விமானம் துள்ளியது. ஆள் தூக்கியெறியப்படப் பார்த்தார். குதிரைச் சேணம் தைப்பவரிடம் போய் நான்கடித் தோல்வார் ஒன்று வாங்கிவந்து, இருக்கையோடு தன்னைக் கட்டிக்கொண்டார். விமானம் நிமிர்ந்து பறக்கும்வரை அது போதுமானதாக இருந்தது.

1913-ல் பிரெஞ்சுக்காரர் அடோல்ஃப் பெகூ, பறக்கும் விமானத்திலிருந்து பாரசூட்டில் குதித்தார். அவர் விட்டுவந்த ஆளில்லா விமானம் தானாகவே அந்தரத்தில் கரணம் போட்டது. அதில் ஆள் இருந்தால்? ஹேங்கரில் விமானத்தைக் கவிழ்த்துவைத்து, வார்களால் தன்னைக் கட்டச் சொல்லித் தலைகீழாகத் தொங்கிப் பழகினார். அவர் துணிச்சலைவிட இந்த ஒத்திகைதான் பெரிது. செப்டம்பர் 1-ல் தலைகீழாகப் பறந்தும் காட்டினார். இரண்டே ஆண்டில் அதே நிலை, எந்த ஒத்திகையும் இல்லாமல் இன்னொருவருக்கு வாய்த்தது.

1915 மே 10. முதல் உலகப் போர்வானில் பிரிட்டிஷ் பைலட் லூயி ஸ்ட்ரேஞ்சின் விமானத்தில் பொருத்திய துப்பாக்கியில் தோட்டா தீர்ந்தது. காலியான தோட்டா டிரம்மைக் கழற்றப் பார்த்தார், அசையவில்லை. எழுந்து நின்று இரு கையாலும் திருகினார். வேகமிழந்த விமானம் குப்புறக் கவிழ்ந்தது. இடுப்பு வார் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. கால்கள் வெட்டவெளியில், கையில் அந்த டிரம் மட்டும். எது கழன்று வரவில்லையென்று கோபப்பட்டாரோ, அது கழன்றுவிடக் கூடாதே என்று தவித்தார். கால்களை வீசி வீசிக் காக்பிட்டுக்குள் நுழைத்து, விமானத்தை நிமிர்த்தினார். தொப்பென்று விழுந்ததில் இருக்கையே நொறுங்கியது. ஒற்றை வாரை நம்ப முடியாது என்பது தெளிவானது.

அதே போரில் ஆலிவர் சட்டன் என்ற பைலட், தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என நான்கு வார்களை ஒரே முளையில் கோத்து ஊசியால் பூட்டினார். ஊசியை இழுத்தால் நான்கும் விடுபடும். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் வரை அது நிலைத்தது. ஆனாலும் ஒரு வம்பு மிஞ்சியது: தோள்வாரை இறுக்க இறுக்க, இடுப்பு வார் இடுப்பெலும்பை விட்டு வயிற்றின்மேல் ஏறிற்று.

அதைக் கீழே இழுத்துப் பிடிக்கத் தொடைகளுக்கு நடுவே ஐந்தாவது வார் வந்தது. இன்றைய சாகச விமானங்களில் இருக்கும் ஐந்துமுனைப் பாதுகாப்பு வார் அதுதான். மாட்டும் வரிசையும் முக்கியம்: முதலில் இடுப்பு வார், இடுப்பெலும்பின்மேல் தாழ்வாக, வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக; தோள்வார் பிறகுதான். பல விமானங்களில் தனிப் பக்கிளோடு இரண்டாவது இடுப்பு வாரும் உண்டு. ஒன்று திறந்துகொண்டாலும் மற்றது பிடிக்கும். மேலே போனபின், முதல் கரணத்துக்கு முன் இன்னொரு முறை இறுக்குவார்கள். உடல் மெத்தையில் அழுந்தி, அதற்குள் வார் தளர்ந்திருக்கும்.