வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் ரெக்கார்டிங்: நல்ல சவுண்டுக்கு முதலில் எதைச் சரி செய்யணும்?

இரவு 9 மணி. ஆனையூரில் ஒரு மாடி வீட்டு அறை. எலெக்ட்ரிக் கிட்டாரை லேப்டாப்பில் இணைத்து, ஹெட்போன் மாட்டி, ரெக்கார்ட் பட்டனை அழுத்தியாச்சு. வாசித்து முடித்துக் கேட்டால், தகர டப்பாவுக்குள் கொசு சுற்றுவது மாதிரி ஒரு சத்தம். பின்னாடி விடாமல் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். யூடியூப்பில் கேட்ட அந்த சவுண்ட் எங்கே போச்சு?

இந்த இடத்தில்தான் பலரும் தவணையில் புது கிட்டாரோ, பெரிய ஆம்ப்போ வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான நேரம் கோளாறு கிட்டாரில் இருப்பதில்லை. கரன்ட், கேபிள், லெவல், அறை, இந்த நான்கில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். இதில் பல விஷயங்களைச் செலவே இல்லாமல் சரி செய்யலாம். ஒரு விஷயத்தில் மட்டும் தவறு செய்தால் உயிருக்கே ஆபத்து. அது என்ன? வரிசையாகப் பார்க்கலாம்.

வீட்டில் ரெக்கார்ட் செய்தால் தரம் வருமா?

வரும். இதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

1976-ல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா அறிமுகமானார். அப்போதைய மதுரை மாவட்டத்தில், இன்றைய தேனி மாவட்டத்தில் இருக்கும் பண்ணைப்புரம்தான் அவருடைய ஊர். இசையமைப்பாளர் ஆவதற்கு முன்பு மற்றவர்களின் குழுக்களில் கிட்டார் வாசித்தவர் அவர். அந்தக் காலத்தில் பாட்டு பதிவு என்றால் சென்னையின் பெரிய ஸ்டூடியோவில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். வீட்டில் செய்வதை யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே 1976-ல் அமெரிக்காவில் 'பாஸ்டன்' என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அதன் கிட்டார் கலைஞர் டாம் ஷால்ஸ், போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். ஆல்பத்தின் பெரும்பகுதியை அவர் தன் வீட்டின் அடித்தளத்தில், தானே அமைத்த ஸ்டூடியோவில்தான் பதிவு செய்தார். அமெரிக்காவில் மட்டும் அந்த ஆல்பத்துக்கு 1.7 கோடி பிரதிகளுக்கான சான்று கிடைத்திருக்கிறது.

அடுத்து, எல்லோருக்கும் தெரிந்த கதை. 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் சென்னை கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1992-ல் 'ரோஜா' வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது கிடைத்தது. பெரிய கட்டடம் இருந்தால்தான் தரமான பதிவு என்ற எண்ணம் அதோடு மாறியது.

அன்று அவர்களுக்குத் தேவைப்பட்ட கருவிகளில் பாதி இன்று ஒரு லேப்டாப்புக்குள் வந்துவிட்டது. ஆனால் உள்ளே போகும் சிக்னல் சுத்தமாக இருக்கணும் என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தக் கொசு சத்தம் ஏன் வருது?

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே 'பிக்கப்' இருக்கும். காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருள்தான் அது. கிட்டார் கம்பி அதிரும்போது சுருளில் சின்ன மின்சாரம் உருவாகிறது. அந்தச் சிக்னல் ரொம்ப பலவீனமானது.

நாம் 'கிட்டார் சவுண்ட்' என்று காதில் பழகியது இந்தச் சிக்னலை அல்ல. ஆம்ப்பும் அதன் ஸ்பீக்கரும் மாற்றித் தரும் சத்தத்தைத்தான். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் கீச்சொலியை வெகுவாகக் குறைத்துவிடும். நேரடியாக லேப்டாப்பில் செருகி டிஸ்டார்ஷன் மட்டும் போட்டால், ஸ்பீக்கர் வடிகட்ட வேண்டிய அந்தக் கீச்சொலி அப்படியே உள்ளே வந்துவிடும். அதுதான் கொசு.

தீர்வு எளிது. ஆம்ப் மென்பொருளோடு சேர்த்து 'கேபினெட் சிமுலேஷன்' என்ற பகுதியையும் ஆன் செய்யணும். 'ஐஆர்' என்று சொல்லப்படும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு இதற்குத்தான். ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் அதன் முன் வைத்த மைக்கும் ஒலியை எப்படி மாற்றும் என்பதை எடுத்து வைத்திருக்கும் கோப்பு அது. இதைச் சேர்த்துப் பாருங்க, பாதி பிரச்னை அங்கேயே முடிந்துவிடும்.

என்னென்ன வேண்டும்?

* ஆடியோ இன்டர்ஃபேஸ்: கிட்டார் சிக்னலை யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குக் கொண்டுபோகும் சின்னப் பெட்டி. அதில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று ஒரு இணைப்போ பட்டனோ இருக்கணும். கிட்டாரைச் சாதாரண மைக் அல்லது லைன் இணைப்பில் செருகினால் சவுண்ட் மங்கி, உயிரில்லாமல் வரும்.

* பதிவு மென்பொருள்: ஆப்பிள் கருவிகளில் கராஜ்பேண்ட் இலவசம், ஆம்ப்களும் உள்ளேயே இருக்கு. விண்டோஸில் ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம்.

* ஆம்ப் மென்பொருள்: 'நியூரல் ஆம்ப் மாடலர்' முற்றிலும் இலவசம். நிஜ ஆம்ப்களின் சவுண்டைக் கற்று வைத்திருக்கும் கோப்புகளை அதில் ஏற்றி வாசிக்கலாம்.

* ஹெட்போன்: வயர் உள்ளதுதான் வேணும். புளூடூத் ஹெட்போனில் சத்தம் தாமதமாக வரும், தாளத்தில் வாசிக்கவே முடியாது.

மொபைலில் முடியுமா? யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் இருந்தால் முடியும். ஐபோனில் கராஜ்பேண்ட் போதும். ஆண்ட்ராய்டில் தாமதம் போனுக்குப் போன் மாறும் என்பதால், வாங்குவதற்கு முன் உங்கள் போனிலேயே சோதித்துப் பாருங்க.

'ம்ம்ம்' உறுமல் எங்கிருந்து வருது?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சுவருக்குள் ஓடும் வயர், ஃபேன் ரெகுலேட்டர், விலை குறைந்த எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர் என எல்லாமே சுற்றிலும் மின்காந்த இரைச்சலை விடும். பிக்கப் ஒரு கம்பிச் சுருள் என்பதால், ஏரியல் மாதிரி அதையும் பிடித்துக்கொள்ளும்.

'எடிட்டிங்கில் எடுத்துடலாமே' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கிட்டாரின் மிகத் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிரும். 50 ஹெர்ட்ஸ் உறுமல் அதற்குக் கீழே இருப்பதால் அதை வெட்டிவிடலாம். ஆனால் உறுமலின் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் கூடவே வரும். அவை கிட்டார் ஸ்வரங்கள் இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அவற்றை வெட்டப்போனால் கிட்டாரின் கனமும் சேர்ந்து போய்விடும். 'நாய்ஸ் கேட்' போட்டாலும் வாசிக்காத நேரத்தில் மட்டும்தான் உறுமல் மறையும். அதனால் பிறக்கும் இடத்திலேயே நிறுத்தணும்.

இந்த வரிசையில் சோதித்துப் பாருங்க:

1. ஃபேனையும் எல்இடி லைட்டையும் ஒவ்வொன்றாக அணைத்துக் கேளுங்க. ரெகுலேட்டரைப் பாதியில் வைத்தால்தான் இரைச்சல் அதிகம் வரும்.

2. லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்க. உறுமல் குறைந்தால் காரணம் சார்ஜர் பக்கம்தான்.

3. நாற்காலியோடு மெதுவாகத் திரும்புங்க. ஒரு குறிப்பிட்ட திசையில் உறுமல் சட்டென்று குறையும். அந்தத் திசையிலேயே உட்கார்ந்து வாசிக்கலாம்.

4. வேறு கேபிள் மாற்றிப் பாருங்க. நீளம் குறைவான, நல்ல உறை போட்ட கேபிள் நல்லது.

5. கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடுதா? 'ஸ்கொயர் வேவ்' இன்வெர்ட்டர் கடுமையான இரைச்சல் தரும். கரன்ட் வரும்வரை காத்திருப்பதே மேல்.

இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து உறுமலை ரத்து செய்யும் 'ஹம்பக்கர்' பிக்கப்பை 1955-ல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் உருவாக்கினார். உங்கள் கிட்டாரில் அது இருந்தால், முதலில் அந்தப் பிக்கப்புக்கு மாற்றிக் கேளுங்க.

எச்சரிக்கை: எர்த் பின்னை மட்டும் கழற்றாதீங்க

கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கில் பெரிய பின் எர்த். அதைத் துண்டித்தாலோ, இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டாலோ சில சமயம் உறுமல் நின்றுவிடும். 'ஐடியா வேலை செய்யுது' என்று தோன்றும். உண்மையில் உங்களைக் காப்பாற்றும் வழியைத்தான் துண்டித்திருக்கிறீர்கள்.

கிட்டாரின் இரும்புக் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, கேபிளின் உறை வழியாக, ஆம்ப்பின் உலோக உடம்போடு இணைந்திருக்கின்றன. ஆம்ப்பில் கசிவு ஏற்பட்டால், எர்த் இருந்தால் மின்சாரம் அந்த வழியாகப் போய் ஃபியூஸ் போகும். எர்த் இல்லை என்றால் உங்கள் விரல் இருக்கும் கம்பியிலேயே கரன்ட் நிற்கும். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், மேடையில் சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்ட 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மின்சாரம் தாக்கி உயிரிழந்தார்.

என்ன செய்யணும்? ஆம்ப், லேப்டாப், இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்க. வெவ்வேறு பிளக் பாயின்ட்டுகளில் செருகுவதால் வரும் உறுமல் பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும். கம்பியைத் தொடும்போது 'சுர்'ரென்று இருந்தால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்க. பழைய வீடாக இருந்தால், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் கேளுங்க. கிட்டாருக்கு மட்டும் இல்லை, கிரைண்டர், வாட்டர் ஹீட்டர் பயன்படுத்தும் எல்லோருக்கும் அது பாதுகாப்பு.

லெவல் எவ்வளவு வைக்கணும்?

24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்க. உங்களால் முடிந்த அளவு பலமாக வாசிக்கும்போது மீட்டர் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையில் தொடணும். சிவப்பு விளக்கு எரிந்தால் சிக்னலின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அதை எந்த மென்பொருளாலும் முழுசாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. சத்தம் குறைவாகப் பதிவானால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

எஃபெக்ட் இல்லாத சுத்தமான சிக்னலையே பதிவு செய்து வையுங்க. ஆம்ப் சவுண்டை நாளைக்குக்கூட மாற்றலாம்.

வாசிப்பதற்கும் கேட்பதற்கும் இடைவெளி விழுதா? மென்பொருளில் 'பஃபர்' அளவை 128 அல்லது 64-க்குக் குறையுங்க. விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போடுங்க. மிக்ஸ் செய்யும்போது பஃபரைத் திரும்ப ஏற்றிவிடலாம்.

வீட்டில் ஏற்கெனவே ஆம்ப் இருக்கா?

ஷூர் நிறுவனம் 1965-ல் கொண்டுவந்த எஸ்எம் 57 மாதிரியான டைனமிக் மைக் ஒன்று போதும். ஸ்பீக்கர் துணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்க. ஸ்பீக்கரின் நடுவை நோக்கி வைத்தால் சவுண்ட் கூர்மையாக இருக்கும். ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மென்மையாகும். ஈக்வலைசரைத் தொடும் முன் மைக்கை இரண்டு விரல் அளவு நகர்த்திக் கேளுங்க.

காங்கிரீட் கூரை, சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை உள்ள அறையில் சத்தம் எதிரொலிக்கும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்க. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வையுங்க. அதுவே பெரிய உதவி.

முட்டை அட்டை ஒட்டலாமா? வேண்டாம். கீச்சொலியை மட்டும் கொஞ்சம் குறைக்குமே தவிர, சத்தம் வெளியே போவதையோ உள்ளே வருவதையோ தடுக்காது. எளிதில் தீப்பிடிக்கும் பொருள் வேறு. கூடல்நகர் பக்கம் போகும் ரயிலின் ஹாரனையும் திருவிழா மைக்செட்டையும் அட்டையால் நிறுத்த முடியாது. மைக் இல்லாமல் நேரடியாகப் பதிவு செய்தால் அந்தக் கவலையே இல்லை.

அக்கம்பக்கத்தையும் மறக்க வேண்டாம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. ராத்திரி வாசிக்க ஹெட்போன்தான் நல்ல நண்பன்.

கனமான சவுண்ட் எப்படி வருது?

பாட்டுகளில் கேட்கும் அகலமான கிட்டார் பெரும்பாலும் ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்ததுதான். ஒன்றை இடது காதுக்கும் மற்றொன்றை வலது காதுக்கும் வைப்பார்கள். ஒரே பதிவைக் காப்பி செய்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். இரண்டு வாசிப்புக்கும் இடையிலான சின்னச் சின்ன வித்தியாசம்தான் அகலத்தைத் தருகிறது. டிஸ்டார்ஷனையும் நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்தே வையுங்க.

காசு செலவழிக்கும் வரிசை

முதலில் புதுக் கம்பி. மதுரை வெயிலில் கை வியர்வைபட்டுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பியில் எந்த ஆம்ப்பும் இனிக்காது. வாசித்ததும் காய்ந்த துணியால் துடைத்து வையுங்க. ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு டியூன் செய்யுங்க. அடுத்து நல்ல கேபிள். பிறகு இன்டர்ஃபேஸ், ஹெட்போன். புது கிட்டாரும் ஆம்ப்பும் கடைசியில்தான்.

இன்று இரவே ஒரு சோதனை செய்து பாருங்க. ஃபேனை நிறுத்திவிட்டு, எதையும் வாசிக்காமல் 10 விநாடி ரெக்கார்ட் செய்து, ஹெட்போனில் சத்தத்தை ஏற்றிக் கேளுங்க. அந்த 10 விநாடி எவ்வளவு அமைதியாக இருக்கிறதோ, உங்கள் கிட்டார் அவ்வளவு தெளிவாகக் கேட்கும்.