செல்லாமற்போகும் அட்டைகள்: ‘சுழற்சி’ விதியும் வீட்டில் விளையாடும் பிள்ளைகளும்

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஓகஸ்ட் விடுமுறைக்கு மட்டக்களப்பு வருகின்ற பிள்ளைகள் இப்போது சொக்கலேற்றோடு இன்னொன்றையும் கொண்டுவருகிறார்கள். இறப்பர் வளையம் போட்ட அட்டைக் கட்டுகள். பெரும்பாலும் போக்கிமொன், இடைக்கிடை மெஜிக், யூ-கி-ஓ. திரும்பிப் போகும்போது ஒரு பகுதியை இங்குள்ள மச்சான், மச்சாள்மாரிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையிலும் அந்தப் பக்கம் படுவான்கரையிலும் அப்படிச் சேர்ந்த அட்டைகளைப் பால்மா ரின்னுக்குள் பூட்டிவைத்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களும் அவர்களுடைய தாய் தகப்பனும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இந்த அட்டை இப்ப செல்லாதாமே, காசு குடுத்து வாங்கின சாமான் எப்படிச் செல்லாமப் போகும்?”

செல்லாமற்போவது போட்டியில் மட்டும்தான். வீட்டு விறாந்தையில் பாய் போட்டு விளையாடும் பிள்ளையை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அது வேறு வழிகளால் அந்தப் பாய்வரைக்கும் வந்துசேர்கிறது. எப்படி என்று விளங்க விதியை முதலில் விளங்கவேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த கடதாசி விளையாட்டிலிருந்து தொடங்கலாம். 304 விளையாடுவதற்கு 52 அட்டைகளில் ஏழுக்குக் கீழுள்ளவற்றை எடுத்துவிட்டால் 32 மிஞ்சும். ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஒரு இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. அப்பப்பா விளையாடியபோதும் அதே 32தான், இன்றைக்கும் அதே 32தான். யாரும் புதிய அட்டை அச்சிடுவதில்லை. இப்போது ஒரு கம்பனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய அட்டைகளை விற்கிறது என்று வையுங்கள். ஒருமுறை ஜாக்கை வெட்டும் அட்டை, அடுத்தமுறை துரும்பையே மாற்றிவிடும் அட்டை. பத்து வருடத்தில் ஆயிரக்கணக்கில் குவிந்துவிடும். எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருப்பவனோடு நேற்றுத் தொடங்கியவன் விளையாடவே முடியாது. எந்தப் பழைய அட்டையும் எந்தப் புதிய அட்டையும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை அச்சிடுபவர்களாலும் கணக்கிட முடியாது. அதனால் போட்டிகளில் அண்மைய வருடங்களின் அட்டைகளை மட்டும் அனுமதித்து, பழையவற்றைக் குறித்த ஒரு நாளில் வெளியேற்றுகிறார்கள். ஆங்கிலத்தில் ரொட்டேஷன் என்பது இதைத்தான். சுழற்சி என்று தமிழில் சொல்லலாம், ஆனால் சுழன்று போனது பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

இதில் வியாபாரமும் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. பழையது செல்லாவிட்டால் புதியது விற்கும். அதேநேரம் புதிதாக வரும் பிள்ளைக்கு அது வாசலைத் திறந்துவிடுகிறது என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்ததுதான் இந்த விதி.

இங்கே அதிகம் புழங்குவது போக்கிமொன் என்பதால் அதன் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த அட்டைகள் 1996இல் ஜப்பானில் தொடங்கின. ஆங்கிலத்தில் 1999இல் வந்தன. ஒருவர் கையில் 60 அட்டைகள் கொண்ட கட்டு இருக்கவேண்டும். அடிப்படைச் சக்தி அட்டைகளைத் தவிர ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் இருக்கக்கூடாது. 2020இல் வந்த ‘ஸ்வோர்ட் அன்ட் ஷீல்ட்’ வரிசையிலிருந்து ஆங்கில அட்டைகளின் கீழ் இடது மூலையில் சின்னஞ்சிறு பெட்டிக்குள் ஒரு எழுத்து அச்சாகிறது. 2020 வரிசைக்கு டி, அதன்பின் ஈ, எஃப். 2023இல் ‘ஸ்கார்லெட் அன்ட் வயலெட்’ தொடங்கியபோது ஜி. பிறகு எச், ஐ என்று போகிறது. போட்டியில் எந்த அட்டை செல்லும் என்பதை அந்த எழுத்தே சொல்லிவிடும். டி 2023 ஏப்ரல் 14இல் வெளியேறியது. ஈ 2024 ஏப்ரல் 5இல். எஃப் 2025 ஏப்ரல் 11இல். ஆக, 2022இன் தொடக்கத்தில் அச்சாகிய ஒரு அட்டைக்குப் போட்டியில் மூன்று வருடத்துக்குச் சற்று மேலான ஆயுள்தான் கிடைத்திருக்கிறது.

ஒரு சலுகை உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. அதே பெயரும் அதே பயனும் கொண்ட அட்டை புதிய எழுத்தோடு மறுபடி அச்சானால், பழைய பிரதியும் செல்லும். அல்ட்ரா போல், ரெயர் கேண்டி போன்றவை இப்படித் திரும்பத் திரும்ப அச்சாகிறவை. ஆகையால் ரின்னுக்குள் இருக்கும் பழைய அட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிட வேண்டாம். எழுத்தே இல்லாத அடிப்படைச் சக்தி அட்டைகளைப் பற்றியும் கவலைப்படத் தேவையில்லை. புல், நெருப்பு, நீர், மின்னல் என்று இருக்கும் அந்த அட்டைகளுக்குச் சுழற்சி இல்லை.

எழுத்துப் பழசாகிப்போன கட்டுகளுக்கென்று ‘எக்ஸ்பாண்டட்’ என்ற இன்னொரு போட்டி முறை இருக்கிறது. 2011இன் ‘பிளக் அன்ட் வைட்’ வரிசையிலிருந்து வந்தவை அதில் செல்லும். ஒருசில அட்டைகளுக்குத் தடை உண்டு. ஆனால் கடைகளில் பிள்ளைகள் கூடும் போட்டிகள் பெரும்பாலும் புதிய அட்டை முறையில்தான் நடக்கின்றன.

மெஜிக் இதைவிடப் பழையது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993இல் வெளிவந்தது. 1995இலேயே அண்மைய அட்டைகளுக்கு மட்டுமான போட்டி முறையை அது கொண்டுவந்துவிட்டது. ஸ்டாண்டர்ட் என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். நீண்டகாலம் ஒரு அட்டைக்கு ஏறத்தாழ இரண்டு வருட ஆயுள் இருந்தது. 2023 மே மாதம் அதை மூன்று வருடமாக நீட்டினார்கள். மேசையில் நேருக்கு நேர் விளையாடுபவர்கள் அந்த முறையிலிருந்து விலகிப்போய்க்கொண்டிருந்ததால், அவர்களை மறுபடி இழுக்கவேண்டியிருந்தது. அப்படி விலகியவர்களில் பெரும்பங்கினர் போய்ச்சேர்ந்த இடம் ‘கொமாண்டர்’. 100 அட்டைக் கட்டு, பெரும்பாலும் நாலு பேர் வட்டமாக இருந்து விளையாடுவது, சுழற்சி கிடையாது, தடைசெய்யப்பட்ட சிலவற்றைத் தவிர 1993இன் அட்டையும் செல்லும். இது கம்பனி கண்டுபிடித்ததல்ல. விளையாடுபவர்கள் தங்களுக்குள் உண்டாக்கியதை 2011இல்தான் கம்பனி தனிக் கட்டுகளாக விற்கத் தொடங்கியது.

யூ-கி-ஓவில் சுழற்சியே இல்லை, கொனாமி நிறுவனம் தடைப் பட்டியல் மட்டும் வெளியிடுகிறது. கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் புதிய அட்டைகள் ஒன்றைவிட ஒன்று பலமாக வந்துகொண்டிருப்பதால், இருபது வருடத்துக்கு முந்திய கட்டோடு போனால் எதிராளியின் முதலாவது முறையிலேயே ஆட்டம் முடிந்துவிடலாம். சட்டப்படி செல்லும், மேசையில் செல்லாது. சுழற்சியைத் திட்டுகிறவர்கள் இதையும் பார்க்கவேண்டும்.

இனி வீட்டுக்குள் வருகிறேன். போன விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த என் தங்கையின் மகனும் என் மகனும் விறாந்தையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் மகனிடம் இருந்தது முந்தி மாமி அனுப்பிய பொதியில் வந்த ‘வி-ஸ்டார்’ அட்டை, எஃப் எழுத்து. அதைத்தான் பெரிய துரும்பாக அவன் வைத்திருந்தான். மற்றவன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ரொட்டேட் ஆகிட்டு மச்சான், கணக்கில்ல” என்றான். கெட்ட எண்ணம் எதுவுமில்லை, அங்கே கடையில் பழகியதைச் சொன்னான். என் மகன் ஒன்றும் பேசாமல் கட்டை அடுக்கி ரின்னுக்குள் வைத்தான். பிறகு என்னிடம் வந்து, “அப்பா, அவங்கட பழசத்தானே எங்களுக்கு அனுப்புறாங்க?” என்று கேட்டான்.

இந்த விதி எங்கள் பிள்ளைகளைத் தொடும் இடம் இதுதான். அவன் போட்டிக்குப் போகப்போவதில்லை, ஆனால் எதிரே இருப்பவன் போட்டி விதியோடு வந்து உட்காருகிறான். கடைகளில் கிடைப்பதும் புதியது மட்டுமே. இணையக் காணொளிகளில் சொல்லித்தரும் கட்டுகளும் புதியவையே. இந்த வருடத்துக் கட்டைப் பார்த்து அமைக்க வெளிக்கிட்டால் எங்களுக்குக் கட்டாது. அமெரிக்காவில் பத்து அட்டை கொண்ட ஒரு சிறு பொதியின் விலையே எங்கள் காசில் 1,300 ரூபாவைத் தாண்டும். அதற்குள் என்ன அட்டை இருக்கும் என்பதும் அதிர்ஷ்டம்.

மகனுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். ஓம், பழசுதான். ஆனால் சுழற்சி எங்களுக்கு நன்மையும் செய்கிறது. போட்டிக்காகவே விலை ஏறியிருந்த அட்டைகள் வெளியேறும் நாள் நெருங்கும்போது விலை இறங்கும். நேற்று வரைக்கும் போட்டியில் வென்ற கட்டுகள் அடிமாட்டு விலைக்கு வரும். சேகரிப்பவர்கள் தேடும் சாரிஸார்ட் போன்றவை மட்டும் அப்படி இறங்காது. ஆகவே உறவினர் ஏதாவது அனுப்பக் கேட்டால், புதிய பொதி வேண்டாம், எஃப் எழுத்து அட்டைகளில் இரண்டு முழுக் கட்டு தேவை என்று சொல்லுங்கள். ஒரே காலத்தில் அச்சான இரண்டு கட்டுகள் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும். ஒன்று புதிது, மற்றது பழையது என்று வந்தால் ஒரு பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்கும். உலகப் போட்டியில் விளையாடிய வீரர்களின் கட்டுகளை அச்சிட்டு விற்றவையும் உண்டு. அவற்றின் பின்பக்கம் வேறுமாதிரி இருப்பதால் எந்தப் போட்டியிலும் செல்லாது, வீட்டில் விளையாட அதைவிட நல்லதில்லை.

இல்லாத அட்டைக்கு எழுதிய கடதாசி வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். போட்டியில் கூடாது, வீட்டில் தாராளமாக வைக்கலாம். 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் கூடாரங்களில் இருந்தபோது எங்களிடம் ஒரேயொரு கடதாசிக் கட்டு இருந்தது, அதில் ஆட்டின் ஒன்பதைக் காணவில்லை. முதலில் பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டிச் செய்தார்கள். முதுகைப் பார்த்தே யார் கையில் ஒன்பது இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு ஒரு பெரியவர், 304க்குத் தேவைப்படாத ஆட்டின் இரண்டை எடுத்து, பேனையால் ஒன்பது என்று எழுதிக் கொடுத்தார். மாதக்கணக்கில் அதுதான் 20 புள்ளி. போக்கிமொனிலும் அதே வழிதான். மேலதிகமாக இருக்கும் அட்டையின் முகத்தில் தாளை வைத்து, எல்லா அட்டைகளையும் ஒரேமாதிரி உறைக்குள் போட்டால் முதுகு காட்டிக்கொடுக்காது.

வருகின்ற மச்சான்மாரோடு விளையாடும்போது, எந்த எழுத்துவரை செல்லும் என்பதைக் கட்டைக் குலுக்க முதல் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். பாதி ஆட்டத்தில் அட்டையைத் திருப்பிப் பார்த்துச் சொல்வதுதான் சண்டையாகிறது. எங்கள் வீட்டில் இப்போதுள்ள ஒழுங்கு, ரின்னுக்குள் இருக்கும் எல்லா அட்டையும் செல்லும், ஆனால் இரண்டு கட்டையும் ஒரே ரின்னிலிருந்து மாறிமாறி எடுத்து அமைக்கவேண்டும். கடைத்தெருவில் விற்கும் பொன்னிறத் தகடு போன்றவை போலி, அவற்றிலுள்ள எழுத்துக்கு அர்த்தமில்லை. அவற்றைச் சேர்ப்பதா என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.

குடும்பமாக வெளிநாடு போகக் காத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே கடைகளில் வார இறுதியில் கூடும் விளையாட்டுக் குழுக்கள் மொழி தெரியாத புதுப் பிள்ளைக்கு நண்பர்களைப் பிடித்துத் தரக்கூடியவை. இங்கிருந்து கொண்டுபோகும் கட்டை அங்கே போட்டிக்குப் பதியமுடியாமற் போகலாம், ஆனால் சும்மா விளையாட யாரும் மறிக்கமாட்டார்கள். போகமுதல் அட்டைகளை எழுத்து வாரியாகப் பிரித்து வையுங்கள். அடிப்படைச் சக்தி அட்டைகளையும் மறுபடி அச்சானவற்றையும் தனி உறையில் போடுங்கள். அந்த உறைக்குள் இருப்பவை அங்கேயும் செல்லும், புதுக் கட்டுக்கு அவ்வளவும் வாங்கத் தேவையில்லை.