உங்க ஆபீஸ் தீயணைப்பானைக் கடைசியாக எப்போது எடை போட்டார்கள்?

2019 பிப்ரவரி 12 அதிகாலை, டெல்லி கரோல் பாக்கில் ஹோட்டல் அர்பித் பேலஸ் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். அந்த ஹோட்டலிடம் தீயணைப்புத் துறையின் என்ஓசி இருந்தது. விபத்துக்குப் பிறகுதான் ரத்தானது. என்ஓசி ஃபைலில் இருக்கும், உங்களால் பார்க்க முடியாது. சுவரில் தொங்கும் சிலிண்டரைப் பார்க்கலாம்.

கறுப்புக் கூம்பு வைத்தது கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர். அதில் பிரஷர் மீட்டர் இருக்காது. உள்ளே வாயு திரவமாக இருப்பதால், பாதி கசிந்தாலும் அழுத்தம் ஏறக்குறைய அப்படியேதான் நிற்கும். அதனால் எடை போட்டுத்தான் கண்டுபிடிக்கணும். ஐஎஸ் 2190 தரநிலைப்படி, வாயுவின் எடை 10%க்கு மேல் குறைந்தால் மறுபடி நிரப்பணும். காலி சிலிண்டரின் எடை அதிலேயே பொறித்திருக்கும்.

5 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட்டும் கட்டாயம். தண்ணீரை நிரப்பி அழுத்துவார்கள்; தண்ணீர் அவ்வளவாக அமுங்காது என்பதால், சிலிண்டர் விட்டுப்போனாலும் குண்டு மாதிரி வெடிக்காது. ஏன் இவ்வளவு கறார்? 20 டிகிரியில் உள்ளே சுமார் 57 பார் அழுத்தம், கார் டயரைப்போல 25 மடங்கு. 31 டிகிரியைத் தாண்டினால் திரவ நிலையே கிடையாது, அழுத்தம் கிடுகிடுவென ஏறும். டெல்லி மே மாதம் 45 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும்!

காகிதச் சீட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் ரீஃபில் தேதிதான். டெஸ்ட் தேதியை உலோகத்தில், கழுத்துக்குக் கீழே தேடுங்க. 5 ஆண்டு தாண்டியிருந்தால் போட்டோ எடுத்து அட்மினுக்கு மெயில் போடுங்க. டெஸ்ட் செய்ய மத்திய அரசின் பெசோ அங்கீகரித்த நிலையத்துக்குத்தான் அனுப்பணும்.