முல்லைப் பெரியாறும் கண்ணுக்குப் புலப்படாத அசுத்தமும்

நீரின் தூய்மையை அறிவதற்கு நிறம், சுவை, வாசனை என்னும் மூன்று அடையாளங்களை ஃபிக்ஹு நூல்கள் நமக்குக் கற்பிக்கின்றன. ஓடும் நீரில் நஜீஸ் விழுந்தும் இம்மூன்றில் எதுவும் மாறவில்லையெனில் அந்நீரில் ஒளூச் செய்யலாம் என்பது, கம்பம் பள்ளத்தாக்கில் நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் சட்டம். பத்துக்குப் பத்து முழமுள்ள ஹவுளுக்கும் இச்சட்டமே பொருந்தும். மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போது மாணவர் எவரேனும், "அப்படியானால் ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா, உஸ்தாத்?" என்று கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஒளூவுக்குத் தகுதியான நீர் ஒன்று. உடலுக்குத் தீங்கு செய்யாத நீர் வேறொன்று. பின்னதைச் சோதித்தறியும் வழி மனித குலத்துக்குக் கிடைத்து ஏறத்தாழ 130 ஆண்டுகளே ஆகின்றன.

அதற்கு முன்னர் முன்னெச்சரிக்கை ஒன்றே கருவியாக இருந்தது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும், மக்கள் நீரெடுக்கும் துறைகளில் மலங்கழிப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அத்தடையின் வழியில் முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி தண்ணீர் சுமப்போரையும் கண்காணித்தார். எகிப்தில் வாழ்ந்து 1329-இல் மறைந்த இப்னுல் உகுவ்வா எழுதிய ஹிஸ்பா நூல் அவர்களுக்கென விதிகளைக் கூறுகிறது. கரையோர நீரை மொள்ளாமல் ஆற்றுக்குள் இறங்கி எடுக்க வேண்டும். கழிப்பிடங்கள் இருக்குமிடத்தை விட்டு விலகிச் செல்ல வேண்டும். கிருமி என்ற ஒன்றை எவரும் கண்டிராத காலம் அது.

நம் ஆறு உருவான காலமும் அக்கிருமியியல் பிறந்த காலமும் ஒன்றே என்பது வியப்புக்குரியது. மேற்கே ஓடிய பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பணி 1887-இல் தொடங்கி, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. காட்டுக் காய்ச்சலுக்கு அப்பணியாளர்கள் நூற்றுக்கணக்கில் பலியாயினர். பணி தொடங்குவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1884-இல், ஜெர்மானியரான ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியை இனங்கண்டிருந்தார். நோயாளிகளின் குடலில் கண்ட அதே கிருமியை, அவர்கள் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரிலும் அவர் கண்டார்.

ஆயினும் ஆற்று நீரில் காலராக் கிருமியையோ டைஃபாய்டு கிருமியையோ நேரடியாகத் தேடிப் பிடிப்பது கடினம். அவை மிகச் சிலவாக இருக்கும். இன்றில்லாதது நாளை வந்து சேரும். 1885-இல் எஷெரிஷ் என்னும் குழந்தை மருத்துவர், குழந்தைகளின் மலத்தில் இயல்பாகவே வாழும் ஒரு கிருமியை விவரித்தார். இன்று ஈ.கோலி என வழங்குவது அதுவே. 1892-இல் வியன்னாவின் ஷார்டிங்கர் ஓர் எளிய யோசனையை முன்வைத்தார். நோய்க்கிருமியைத் தேடியலைய வேண்டாம். குடலில் வாழும் இக்கிருமி நீரில் உள்ளதா என்று பாருங்கள், உள்ளதெனில் மலம் கலந்திருக்கிறது, மலம் கலந்த நீரில் எந்த நோயும் வரக்கூடும் என்றார். பென்னிகுயிக்கின் பெயரால் பொங்கலிடும் நம் பள்ளத்தாக்கில் ஷார்டிங்கரின் பெயரை அறிந்தவர் அரியர். ஆற்றைத் தந்தவருக்கு நன்றி பாராட்டும் நாம், அவ்வாற்று நீரைச் சோதிக்கும் வழி சொன்னவரையும் அறிந்திருப்பது தகும்.

இன்றும் ஆய்வுக்கூடங்கள் செய்வது ஏறத்தாழ இதுவே. பாற்சர்க்கரை கலந்த ஊட்டக் கரைசலில் நீரை விட்டு வெதுவெதுப்பில் வைத்தால், இக்கிருமிகள் சர்க்கரையைப் புளிக்கச் செய்து வாயுவை வெளியிடும். உள்ளே கவிழ்த்து வைத்த சிறு குழாயில் அவ்வாயு குமிழாகத் தேங்கும். மண்ணிலும் செடியிலும் வாழும் ஒத்த இனங்களைப் பிரிக்க, 1904-இல் ஐக்மன் வெப்பத்தை 46 டிகிரிக்கு உயர்த்தினார். அதைத் தாங்கிப் பெருகுபவை பெரும்பாலும் குடலிலிருந்து வந்தவை. இப்போது 44.5 டிகிரி வழக்கில் உள்ளது. நீர் மாதிரி எடுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. கிருமி நீக்கிய குப்பியின் வாயை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, கரையோரம் அல்லாமல் நடு ஓட்டத்தில், மேற்பரப்புக்குக் கீழே மூழ்கடித்து நிரப்ப வேண்டும். இப்னுல் உகுவ்வாவின் தண்ணீர்க்காரரும் கரையை விட்டு விலகித்தான் மொண்டார்!

இந்திய அளவுகோலின்படி, குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஓர் ஈ.கோலி கூடக் காணப்படக் கூடாது. குளிக்கும் ஆற்றில் மலவழிக் கோலிஃபார்ம் 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது. 2500-ஐத் தாண்டவே கூடாது. லோயர் கேம்ப்பில் இறங்கும் நீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எனப் பல ஊர்களைக் கடந்தே தேனிப் பகுதிக்கு வந்து வைகையோடு சேர்கிறது. வழியில் ஊர்ச் சாக்கடைகள் கலப்பதைப் பாலத்தின் மேல் நின்றாலே காணலாம். சிறிது தூரம் ஓடியதும் நிறம் தெளிந்துவிடுகிறது, வாசனையும் அகன்றுவிடுகிறது. ஒளூவின் சட்டம் அங்கே நிறைவடைகிறது; கிருமியின் கணக்கு நிறைவடைவதில்லை.

இச்சோதனைக்கு ஆய்வுக்கூடத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. 1982-இல் மாஞ்சா, மௌரியா, ராவ் என்னும் இந்திய அறிஞர் மூவர் ஒரு சிறு குப்பிச் சோதனையை உருவாக்கினர். மருந்து தோய்ந்த காகிதமுள்ள குப்பியில் நீரை நிரப்பி, ஓரிரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். மலம் கலந்த நீரெனில் அது கறுத்துவிடும். எத்தனை கிருமிகள் என்று அது சொல்லாது. ஐயம் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். ஒரு வீட்டுக்கு அது போதும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி தர வேண்டும் என்ற ஏற்பாடும் உள்ளது. நம் வீட்டுப் பெண்கள் அதில் சேரத் தயங்க வேண்டியதில்லை.

நீரைப் பயன்படுத்தினால் நோய் வரும் என நம்பத்தக்க மருத்துவர் சொன்னால் தயம்முமுக்கு அனுமதியளிக்கும் மார்க்கம் நம்முடையது. எனவே ஆற்று நீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதைப் பேணுதலில் ஐயம் கொள்வதாக எவரும் கருத வேண்டாம். பள்ளிவாசல் ஹவுளுக்கும் மதரஸாவின் குடிநீர்த் தொட்டிக்கும் தனித்தனிக் குப்பிகள் வைத்துச் சோதிப்பது நன்று. ஹவுளின் குப்பி கறுத்தாலும் அந்நீரில் ஒளூ நிறைவேறும். ஆனால் வாய் கொப்பளிக்கும் நீரை ஒரு சொட்டும் விழுங்காமல் உமிழுமாறு சிறுவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். தொட்டியின் குப்பி கறுத்தால், அதைக் கழுவிக் குளோரினிட்டு மறுபடியும் சோதிக்கும் வரை பிள்ளைகள் வீட்டிலிருந்து காய்ச்சிய நீரைக் கொண்டு வரட்டும்.